ஏழு சீட் வண்டியும் நாலு பேர் குடும்பமும்

வீட்டில் இருப்பது நாலு பேர். ஆனாலும் ஏழு சீட் எஸ்யூவிதான் வேண்டும். "ஊர்லேர்ந்து யாராவது வந்தா?" என்பார் குடும்பத் தலைவர். வருகிறவர் சித்தப்பா, முழங்கால் வலிக்காரர். அவரை மடக்கி மூன்றாவது வரிசைக்குள் அனுப்புவதற்குள் குலதெய்வம் கோயிலில் உச்சிக்கால பூஜை முடிந்துவிடும். எப்படியோ ஏழு பேரும் ஏறிவிட்டால் பெட்டிகள் எங்கே போகும்? பின் சீட்டை நிமிர்த்தியபின் டிக்கியில் மிஞ்சுவது புளியோதரைத் தூக்குக்கான இடம்.

அரசாங்கத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சிசிக்கு மேல், தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது எஸ்யூவி. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு செஸ்ஸோடு 50 இருந்தது. ஆகவே இதைத் தள்ளுபடி என்று கொண்டாடுகிறோம்.

சன்ரூஃப் இல்லாத மாடலைப் பையன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். மே மாதச் சென்னையில் அதைத் திறந்து வைக்கத் தனி வைராக்கியம் வேண்டும். ஃபோர்-வீல் டிரைவும் கேட்கிறார்கள். மலையேறவா? இல்லை, ஆபீஸ் போக. மெட்ரோ வேலை நடக்கும் ஆற்காடு சாலையைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஃபார்ச்சூனரின் நீளம் ஏறக்குறைய 4.8 மீட்டர். அட்வான்ஸ் கட்டுமுன் ஒரு டேப்பை எடுத்து வீட்டு கேட்டையும் தெரு முனையையும் அளந்துவிடுங்கள், ஐயா.