மீன்தொட்டி நீர்மாற்றமும் இல்லறச் சிக்கல்களும்: ஓர் ஆய்வு

சென்னை இல்லங்களில் மீன்தொட்டி வைத்திருப்போரை அவர்கள் வளர்க்கும் மீன்வகை கொண்டு பிரிப்பது வழக்கம் எனினும், நிரப்பி வைத்த வாளியைக் குடும்பத்தார் தொடாதவாறு காக்கும் ஆற்றல் உடையோர், அஃது இல்லாதோர் எனப் பிரிப்பதே ஆய்வுக்குப் பொருந்தும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கிருமிநாசினியான குளோரின் குழாய்நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. மீனின் மூச்சுறுப்பாகிய செவுளுக்கோ அதுவே மிகை. வாய் அகன்ற வாளியில் ஒருநாள் வைத்தால் குளோரின் காற்றோடு போய்விடும். ஆயினும் அந்த ஒருநாளுக்குள் துணி ஊறவைக்க அவ்வாளி கைப்பற்றப்படுவது பரவலாகக் காணப்படுவதால், கொளத்தூர் மீன்கடைகளில் 'ஆன்டி குளோரின்' என விற்கப்படும் சோடியம் தயோசல்பேட், அதாவது குளோரினைக் கணத்தில் குளோரைடாக மாற்றும் உப்பு, அறிவியல் தேவையைவிட இல்லற அமைதி கருதியே வாங்கப்படுகிறது எனக் கொள்ள இடமுண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் உடையோருக்குக் குளோரின் கவலை இல்லை. உப்புக் கவலை தனி.

எவ்வளவு நீரை மாற்றுவது என்பதில் இரு கொள்கையினர் உளர். முழுமாற்றுக் கொள்கையினர், மீன்களைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குக் குடிபெயர்த்து, கூழாங்கல் முதல் ஃபில்டர் ஸ்பாஞ்சு வரை குழாயடியில் தேய்த்துக் கழுவுவர்; சில நாள்களில் மீன் செத்து மிதக்கும்போது, முந்தைய மாலை வந்து "எவ்வளவு அழகா இருக்கு!" என்று சொல்லிப்போன உறவினரின் கண்ணேறே காரணம் என்பர். கண்ணேறு பற்றித் தீர்ப்புரைப்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும், மீன்கழிவில் பிறக்கும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலுமே குடியிருந்தன என்பதும், உறவினர் படியேறுவதற்கு முன்பே அவை குழாயடியில் மடிந்துவிட்டன என்பதும் கருதத்தக்கவை. பகுதிமாற்றுக் கொள்கையினரோ வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மட்டும் எடுத்து, எடுத்த நீரிலேயே ஸ்பாஞ்சை அலசி, ஏறத்தாழ அதே வெப்பமுள்ள நீரை ஊற்றுவர். வீட்டாரால் சோம்பேறிகள் என ஏசப்படும் இவர்களுடைய மீன்களே நெடுநாள் வாழ்கின்றன.

நீரிறக்கும் டியூபை வாயால் உறிஞ்சித் தொடங்கும் முறை, தொட்டியின் நிலையை நாவால் அறியும் வாய்ப்பைத் தருவது உண்மையே. ஆனால் டியூபில் முன்னரே நீர் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்து, ஒன்றைத் தொட்டிக்குள்ளும் மற்றதைத் தாழ்வான பாத்திரத்திலும் விட்டுத் திறந்தாலும் நீர் இறங்கும். இறங்கிய நீரில் உள்ள நைட்ரேட் செடிக்கு உரமாதலால் அது ரோஜாச் செடிக்குப் போகிறது. செடி மொட்டுவிட்ட பின்னர், வாரம் இருமுறை மாற்றினால் என்ன என்ற கேள்வி, அதுவரை மீன்களை விரும்பாத தரப்பிலிருந்தே எழுகிறது.