எதிர்பாராமல் வென்ற குதிரை

புதுமுகத் தடைப்பந்தயம் என்பது, நடப்புப் பருவம் தொடங்கும்வரை ஒரு தடைப்பந்தயத்திலும் வென்றிராத குதிரைகளுக்கென்று நடத்தப்படுவது. பிரித்தானியாவில் அதற்குக் குறைந்தது 2 மைல் தூரம், வழியில் குறைந்தது 8 தடைகள், ஒவ்வொரு தடையும் குறைந்தது மூன்றரை அடி உயரம். தடை என்பது மரச்சட்டத்தில் மிலாறு பின்னி நிலத்தில் ஊன்றிய படல். குதிரையின் கால் பட்டால் சாய்ந்து கொடுக்கும். ஆட்டுப்பட்டியை அடைக்க அந்த நாட்டு விவசாயிகள் வைத்திருந்த படல்தான் பிறகு பந்தயத் திடலுக்கு வந்தது. பதிவில் உள்ள முதல் தடைப்பந்தயம் 1821-இல் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் நடந்தது என்பர். யாழ்ப்பாணத் தீவகத்தில், சரவணை ஊரில், இப்படி வேலி பாயும் பிராணிக்குக் கட்டாக்காலி என்று பெயர். அதன் கழுத்தில் கட்டை தொங்கும், சொந்தக்காரர் அயலவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அதே குற்றத்துக்குக் கிண்ணம் கொடுக்கிறார்கள்.

தடைப்பந்தயத்துக்கு ஒரு மூத்த சகோதரமும் உண்டு. 1752-இல் அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்தில் இரண்டு கனவான்கள், பட்டவன்ட் ஊர்த் தேவாலயத்தில் தொடங்கி டொனரைல் ஊர்த் தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்து, இடையில் வந்த மதில், வாய்க்கால், பற்றை எல்லாவற்றையும் பாய்ந்து ஓடினார்கள். அதிலிருந்து வளர்ந்த பந்தயத்தில் தடைகள் நாலரை அடியும் அதற்கு மேலும். சாய்ந்து கொடுக்காது, குதிரைதான் சாயும். புதுமுகங்களை முதலில் படலில் பழக்கிவிட்டுப் பிறகு அதற்கு அனுப்புவது வழக்கம்.

எதிர்பாராத வெற்றி எவ்வளவு எதிர்பாராதது என்பதை அளக்க ஒரு கருவி இருக்கிறது. அதுதான் பந்தய விகிதம். ஒன்றுக்கு 3 என்றால், நூறு ரூபா கட்டி வென்றவருக்கு 300 ரூபாவும் கட்டிய நூறும் கிடைக்கும். ஒன்றுக்கு 250 என்றால் 25,000-உம் அந்த நூறும். இவ்வளவு தாராளமாகக் கொடுக்க முன்வரும் புக்கியை, அதாவது பந்தயப் பணம் பிடிப்பவரை, இரக்கமுள்ள மனிதர் என்று நினைப்பது தொடக்கநிலையினர் விடும் பிழை. ஒன்றுக்கு 250 என்பதன் பொருள், அந்தக் குதிரை 251 தடவை ஓடினால் ஒரு தடவை வெல்லும் என்பது. அதுவும் புக்கி தன் பங்கை எடுக்காதிருந்தால். அவர் எடுப்பார். ஒரு பந்தயத்தில் ஓடும் எல்லாக் குதிரைகளின் வாய்ப்பையும் இப்படிக் கணக்குப் பார்த்துக் கூட்டினால் நூறு வீதத்தைத் தாண்டி நிற்கும். தாண்டிய பகுதியில்தான் புக்கி வீடு கட்டுகிறார்.

விகிதம் குதிரையின் காலை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. பணம் எந்தக் குதிரைமேல் விழுகிறதோ அதன் விகிதம் சுருங்கும். ஒருவரும் திரும்பிப் பார்க்காததன் விகிதம் வீங்கும். ஆகவே அந்த எண் குதிரையைவிடக் கூட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. குதிரைக்கோ தன் விகிதம் தெரியாது. ஒன்றுக்கு 250 என்று பலகையில் எழுதியதைப் பார்த்து மனமுடைந்த குதிரை இதுவரை இல்லை. கூட்டமும் சரியாகக் கணிப்பதில்லை. வெல்ல வாய்ப்பில்லாத குதிரைகள்மேல் ஆட்கள் அளவுக்கு மிஞ்சிக் கட்டுகிறார்கள், வெல்லக்கூடியவற்றின்மேல் அளவுக்குக் குறைத்துக் கட்டுகிறார்கள் என்று 1949-இலேயே அமெரிக்க உளவியல் இதழொன்றில் கிரிஃபித் என்பவர் எழுதினார். அதாவது, எதிர்பாராத வெற்றியை எதிர்பார்த்திருப்பவர்கள் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறார்கள்.

புதுமுகப் பந்தயத்தில் இதற்கு இடம் அதிகம். சமதரையில் ஓடிப் பழகிப் பிறகு தடைக்கு மாற்றப்பட்ட குதிரையும், பிறந்ததிலிருந்து தடைக்கென்றே வளர்க்கப்பட்ட குதிரையும் ஒரே வரிசையில் நிற்கும். சில குதிரைகள் சனத்துக்கு முன்னால் படல் பாய்வதே அன்றுதான் முதல் தடவை. பழைய பெறுபேறு கைவசம் இல்லாத இடத்தில் வதந்திதான் பெறுபேறு. அதற்கு மேல், பாரம் சமன்செய்யும் பந்தயம் என்றும் ஒரு வகை இருக்கிறது. வல்ல குதிரைக்குப் பாரத்தைக் கூட்டி, இளைத்ததற்குக் குறைத்து, எல்லாம் ஒன்றாக வந்து சேரும்படி ஓர் அதிகாரி கணக்குப் போடுவார். எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது கிடையாது. ஆனால் வரவே மாட்டாது என்றிருந்தது சில வேளை முதலாவதாக வந்துவிடும்.

அப்படி வந்தவற்றில் தலையாயது ஈக்குவினொக்சியல். 1990 நவம்பர் 21 அன்று, ஸ்கொட்லாந்தின் தென்கிழக்கில் உள்ள கெல்சோ திடலில், புதுமுகங்களுக்கான பாரம் சமன்செய்யும் தடைப்பந்தயம் ஒன்றில் ஒன்றுக்கு 250 என்ற விகிதத்தில் அது வென்றது. பிரித்தானியப் பந்தய வரலாற்றில் அதுவரை அவ்வளவு உயர்ந்த விகிதத்தில் ஒரு குதிரை வென்றதில்லை. கெல்சோ ஒரு சின்ன ஊர், அது ஒரு சாதாரண வேலைநாள், பந்தயமும் பெரிய பந்தயமன்று. உலகப் பதிவேட்டில் இடம்பிடித்த பந்தயங்களில் இவ்வளவு அக்கறையில்லாமல் பார்க்கப்பட்டது வேறு இருக்க முடியாது. அந்தச் சாதனை முப்பது வருடங்களுக்கு மேல் நின்று, 2023-இல் எக்செற்றர் திடலில் புளோவர்ஸ் என்ற குதிரை, அதுவும் ஒரு தடைப்பந்தயத்திலேயே, ஒன்றுக்கு 300-இல் வென்றபோது முறிந்தது.

1990-ஆம் ஆண்டு புக்கிகளுக்குப் பொதுவாகவே நல்ல ஆண்டு. அந்த மார்ச்சில் செல்ட்டன்ஹாம் தங்கக் கிண்ணத்தை நோர்ட்டன்ஸ் கொய்ன் என்ற குதிரை ஒன்றுக்கு 100-இல் வென்றிருந்தது. அதன் பயிற்றுநர் சிரெல் கிரிஃபித்ஸ், வேல்ஸ் நாட்டுப் பால் பண்ணைக்காரர். அன்று காலை மாடு கறந்துவிட்டுத்தான் குதிரையையும் ஏற்றிக்கொண்டு திடலுக்குப் புறப்பட்டார். நாடே கட்டியிருந்த டெசேர்ட் ஓர்ச்சிட் மூன்றாவதாக வந்தது. அதே செல்ட்டன்ஹாமில் புதுமுகத் தடைப்பந்தயங்களின் தலைமைப் பந்தயத்தை 1994-இல் ஆர்க்டிக் கின்ஸ்மன் ஒன்றுக்கு 50-இல் வென்றது.

கூட்டம் குதிரையைச் சரியாகவே கணித்தும் எதிர்பாராத வெற்றி நேரலாம். இதற்கு எடுத்துக்காட்டு லபைக் என்ற சாம்பல் நிறக் குதிரை. அதன் வேகத்தைப் பற்றி ஒருவருக்கும் ஐயமில்லை. அது ஓடுமா என்பதுதான் கேள்வி. தொடக்க நாடா உயரும். மற்றக் குதிரைகள் பறக்கும். லபைக் நின்ற இடத்திலேயே நிற்கும். மேலே இருப்பவர் உதைப்பார், கீழே இருப்பவர் கத்துவார், அது தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். கட்டியவரின் பணம் புறப்பட்டுப் போய்விடும், குதிரை புறப்படாது. விதிப்படி அதுவும் தோல்விதான். இப்படிப் பல தடவை நடந்தபின், 2017 மார்ச் 14 அன்று அதைச் செல்ட்டன்ஹாம் திருவிழாவின் முதற்பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேலே 17 வயதுப் பெடியன், ஜாக் கெனடி. அந்தத் திருவிழாவில் முதற்பந்தயத்தின் நாடா உயரும்போது பல்லாயிரம் பேர் ஒரே குரலாகக் கத்துவது வழமை. நல்ல குணமுள்ள குதிரையே அதில் மிரளக்கூடும். அன்று லபைக் மற்றவற்றோடு சேர்ந்து புறப்பட்டுவிட்டது. எதிர்பாராத நிகழ்ச்சி அத்தோடு முடிந்தது. மிச்சமுள்ள 2 மைலும் எதிர்பார்த்தபடியே நடந்தன. பெரிதும் நம்பப்பட்ட மெலன் என்ற குதிரையைப் பின்னால் விட்டு, ஒன்றுக்கு 25-இல் அது வென்றது. அன்று ஏன் ஓடச் சம்மதித்தது என்று குதிரை தெரிவிக்கவில்லை.

மற்றவர்கள் இல்லாமற் போவதால் கிடைக்கும் வெற்றி இன்னொரு வகை. 1967 ஏப்ரலில், லிவர்பூலின் கிராண்ட் நாஷனல் பந்தயத்தில் 44 குதிரைகள் ஓடின. முதல் வேலியிலேயே ஆளைத் தள்ளிவிட்டு வெறுமனே ஓடிவந்த பொப்ஹாம் டவுன் என்ற குதிரை, 23-ஆவது வேலியருகே பாய மனமில்லாமல் குறுக்கே திரும்பியது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. ஃபொய்னாவன் என்ற குதிரை மட்டும் தப்பியது. அவ்வளவு தூரம் பின்தங்கி வந்ததில், குவியலைப் பார்த்து விலத்திப் போக அதன் மேலிருந்த ஜோன் பக்கிங்ஹாமுக்கு நேரம் இருந்தது. ஒன்றுக்கு 100-இல் அது வென்றது. சொந்தக்காரர் திடலுக்கு வரவில்லை. பயிற்றுநரும் வரவில்லை, அன்று வேறொரு திடலில் வேறொரு குதிரையோடு நின்றார். அவசரப்படாமையின் பயனை விளக்க இதைவிட நல்ல சான்று கிடையாது. 1984-இல் அந்த வேலிக்கே ஃபொய்னாவன் என்று பெயர் வைத்தார்கள்.

இவை எல்லாம் அதிர்ஷ்டம் என்று ஆறுதல் கொள்ள இந்தியச் சட்டம் இடம்தரவில்லை. சென்னை கிண்டிப் பந்தயங்களைத் தொட்ட வழக்கொன்றில், குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டன்று, திறமை விளையாட்டே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுநரின் கெட்டித்தனம் ஆகியவற்றை ஆய்ந்துதான் ஆட்கள் கட்டுகிறார்கள் என்பது கருத்து. அன்றுமுதல் கிண்டியில் தோற்றவர் விதியை நோக முடியாது. தன் திறமைக் குறைவைத்தான் நோக வேண்டும்.

இலங்கையில் குதிரைப் பந்தயம் காலி முகத்திடலில் வளர்ந்து, 1893-இல் கறுவாத்தோட்டத்துக்குப் பெயர்ந்தது. 1942-இல் அந்தத் திடலை வான்படை இறங்குதளமாக்கியது. 1956-க்குப் பின் கொழும்பில் பந்தயம் ஓய்ந்து, பின்னாளில் நுவரெலியாவின் ஏப்ரல் பருவம்தான் பேசப்பட்டது. ஆனால் குதிரைகள் நின்றதற்காகப் புக்கிக் கடைகள் நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்குக் கொழும்பில் பணம் கட்டலாம். கண்ணால் காணாத குதிரை, வாயில் நுழையாத ஊர், தெரியாத காலநிலை. மேற்படி தீர்ப்பு சொன்ன திறமை அங்கேதான் முழுமையாகச் சோதிக்கப்படுகிறது.

சரவணையில் பந்தயக் குதிரை இல்லை. அருகில் குதிரை பார்க்க வேண்டுமானால் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறி நெடுந்தீவில் இறங்க வேண்டும். அங்கே வெளியில் திரியும் மட்டக்குதிரைகள் போர்த்துக்கேயர் காலத்தில் வந்து ஒல்லாந்தர் காலத்தில் பெருகியவை என்று சொல்லப்படுபவை. ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் நோலன் என்ற படையதிகாரி அங்கே குதிரை வளர்ப்பைப் பார்த்துக்கொண்டார். லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. வளவுகளைப் பிரித்து, பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் தீவெங்கும் ஓடுகின்றன. குதிரையும் உண்டு, பாய்வதற்கு வேலியும் உண்டு. உலகத்தில் தடைப்பந்தயத்துக்கு இவ்வளவு ஆயத்தமான இடம் அரிது. ஆனால் கோடையில் அந்தக் குதிரைகளின் கவலை தண்ணீர் பற்றியது. எந்த வேலியையும் அவை சுற்றித்தான் போகின்றன.

குடாநாட்டிலும் தீவகத்திலும் குதிரைப் பந்தயத்தின் இடத்தை நிரப்புவது மாட்டுவண்டிச் சவாரி. திடலில் இரண்டு வண்டில்கள் ஒன்றாக விடப்படும். மாடுகளைத் தரம் பிரித்து, புதுச் சோடிகளைப் பழஞ்சோடிகளோடு மோதவிடாமல் ஓட்டுவார்கள். தடை என்று தனியாக ஒன்றும் ஊன்றுவதில்லை. திடலுக்குள் இறங்கி நிற்கும் சனமே போதும். எதிர்பாராத வெற்றி இங்கும் உண்டு. பெயர்போன சோடி பாதியில் விலத்திப் பனங்கூடல் பக்கம் போக, நேற்றுவரை ஏர் இழுத்த நாம்பன்கள் கொடியைத் தாண்டிவிடும்.

எதிர்பாராத வெற்றியின் வாழ்நாள் எங்கும் ஏறக்குறைய அரை மணித்தியாலம். அதற்குள் அது விளக்கப்பட்டு, எதிர்பார்த்த வெற்றியாக மாறிவிடும். கெல்சோவில் இதைப் பத்திரிகையாளர் செய்கிறார்கள். தீவகத்தில் தேத்தண்ணிக் கடை செய்கிறது.

“அந்த வலத்தனைப் போன கிழமையே பாத்தனான். கண்ணில ஒரு இது இருந்தது. நான் அப்பவே சொன்னனான், ஒருத்தரும் கேக்கேல்லை.”

“அப்ப ஏனண்ணை மற்றச் சோடிக்குப் பந்தயம் பிடிச்சனீங்கள்?”

“உது வேற கதை, தம்பி.”

இந்த வேறு கதையில்தான் பந்தயத் தொழில் முழுவதும் தங்கியிருக்கிறது. பிரித்தானியப் பந்தயங்களில், கூட்டம் பெரிதும் நம்பும் குதிரை ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு தடவைதான் வெல்கிறது. மிச்ச இரண்டு தடவையும் எதிர்பார்த்தது நடப்பதில்லை. ஆனால் அவற்றை ஒருவரும் அதிசயம் என்று எழுதிவைப்பதில்லை.

எதிர்பாராமல் வென்ற குதிரைக்குக் கிடைக்கும் பலனும் விதிப்புத்தகத்திலேயே உண்டு. அடுத்த பருவத்தில் அது புதுமுகமன்று. வல்ல குதிரைகளோடு ஓட வேண்டும். பாரம் சமன்செய்யும் பந்தயமென்றால் முதுகில் பாரமும் கூடும். ஆட்கள் இப்போது அதன்மேல் கட்டுவதால் விகிதம் சுருங்கும். அந்தப் பந்தயத்தில் அது தோற்றால், ஏன் தோற்றது என்பதற்குக் கடையில் விளக்கம் ஆயத்தமாக இருக்கும். சொல்பவரும் அதே அண்ணைதான்.