எலி மூளையில் ஆல்பாவும் பீட்டாவும்

கே: அட்ரினலின் சுரப்பது சிறுநீரகத்துக்கு மேலே. மூளையில் அதற்கு ஏற்பி எதற்கு?

ப: அந்த அட்ரினலினை ரத்த-மூளைத் தடுப்பு லேசில் உள்ளே விடாது. அதே ஏற்பிகளில் ஒட்டும் நார்அட்ரினலினை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. பெரும்பங்கு லோகஸ் செருலியஸ் என்ற பொடி இடத்திலிருந்து வருகிறது. மனித மூளையிலேயே சில பத்தாயிரம் நரம்பணுக்கள்தான். கிளை பரப்பியிருப்பதோ மூளை முழுக்க.

கே: ஏற்பி எத்தனை வகை?

ப: ஒன்பது. 1948-ல் மருந்தியலாளர் ஆல்குவிஸ்ட் ஆல்பா, பீட்டா என இரண்டே சொன்னார். அதையே முதலில் அனுப்பிய ஆய்விதழ் ஏற்கவில்லை.

கே: எது எங்கே இருக்கிறது? சுருக்கமாக!

ப: எலி மூளையில் ஆல்பா-2ஏ ஏறக்குறைய எங்கும் உண்டு, லோகஸ் செருலியஸ் உட்பட. அங்கே அதன் வேலை, சுரப்பைத் தணிப்பது. 2பி முக்கியமாகத் தலாமஸில். பெருமூளைப் புறணியில் பீட்டா-1 கை ஓங்கியிருக்கும், சிறுமூளையில் பீட்டா-2.

கே: இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்கள்?

ப: உறைந்த மூளையை மெல்லிய சீவலாக்கி, கதிரியக்க அயோடின் ஏற்றிய மருந்தில் ஊறவைத்து, கழுவி, பிலிமோடு சேர்த்து இருட்டில் வைப்பார்கள். ஏற்பி உள்ள இடம் கறுக்கும். ஆனால் அந்த மருந்து பீட்டா-1, பீட்டா-2 இரண்டிலும் ஒட்டும். அதனால் பக்கத்துச் சீவலில் பீட்டா-1-ஐ மட்டும் அடைக்கும் மருந்தையும் சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் கறுப்பு பீட்டா-2. கழித்தல் கணக்குதான், கை சுத்தமாக இருக்க வேண்டும்.

கே: ஏற்பியின் எம்.ஆர்.என்.ஏ.வைத் தேடினால் சுலபமாயிற்றே?

ப: எந்த நரம்பணு தயாரிக்கிறது என்று மட்டும் தெரியும். தயாரான ஏற்பி நரம்பிழை வழியே வெகுதூரம் போய் உட்கார்ந்துவிடும். ரேஷன் கார்டு ஒரு ஊரில், ஆள் இன்னொரு ஊரில்.

கே: ஏற்பியில் ஒட்டும் ஆன்டிபாடி வாங்கி ஊற்றினால்?

ப: தாராளமாக. 2009-ல் கடைச்சரக்கான ஆல்பா-1 ஆன்டிபாடிகளைச் சோதித்தார்கள். அந்த ஏற்பியின் ஜீனையே நீக்கிய எலியிலும் அதே கறை! அந்தக் காலத்துப் படங்களை நம்புமுன், ஜீன் நீக்கிய எலியிலும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கே: பி.பி.க்கு குளோனிடின் தருகிறார்கள். எனக்கு ஏன் தூக்கம் தள்ளுகிறது?

ப: இரண்டுக்குமே முக்கிய காரணம் ஆல்பா-2ஏ. முகுளத்தில் இருப்பதைத் தூண்டினால் பி.பி. இறங்கும், லோகஸ் செருலியஸில் இருப்பதைத் தூண்டினால் கண் சொருகும். மாத்திரைக்கு இரண்டும் ஒன்றே.

கே: அப்படியானால் நிறுத்திவிடட்டுமா?

ப: டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சட்டென்று விட்டால் பி.பி. எகிறும்.