அங்கிள் வெரி இரிடேட்டிங்

செராஸ் தாமான் கொனாட்டில் புதன்கிழமை சாயங்காலம் காரை வெளியே எடுப்பவர் ஊருக்குப் புதியவராக இருக்கவேண்டும், அல்லது வீட்டில் சண்டை போட்டவராக இருக்கவேண்டும். அன்று பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை. ஏறக்குறைய 2 கிலோமீட்டருக்குக் கடைகள். வருகிற கூட்டம் சந்தைக்குள் போய்விடும். அவர்களுடைய கார்கள் நம் வாசலில் தங்கிவிடும்.

அப்படி ஒரு புதன்கிழமை, எதிர்வீட்டு அங்கிளின் கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு மைவி கார் நின்றது. குறுக்கே நிறுத்துகிறவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் கைபேசி எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போவதுதான் இங்கே மரியாதை. இதில் எண் இல்லை. தலையாட்டி பொம்மை ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தது.

யாரிடம் புகார் செய்வது? செராஸில் ஒரு பகுதி கூட்டரசுப் பிரதேசம், மறுபகுதி சிலாங்கூர். இந்த ஊரில் கோபப்படுவதற்கு முன் எந்த அலுவலகத்தின் எல்லையில் கோபப்படுகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. அங்கிள் அதெல்லாம் பார்க்கவில்லை. தாமான் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனார். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் இருக்கிற குழு. மானப் பிரச்சினை என்றால் ஆங்கிலம்தான்.

‘ஐ ஆம் வெரி இரிடேட்டிங்!’

உடனே ஒரு கட்டைவிரல் உயர்ந்தது. பின்னாலேயே இன்னும் சில. ஒருவர் ‘நோட்டட், அங்கிள்’ என்றே எழுதிவிட்டார்.

எரிச்சல்பட்டவர் இரிடேட்டட், பிறரை எரிச்சல்படுத்துகிறவர் இரிடேட்டிங். ஆனால் அங்கிளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தமிழில் எரிச்சல் நமக்கு வருகிறது. பசியும் தூக்கமும் மாதிரி வந்துவிட்டுப் போகிறது, நாம் நாமாகவே இருக்கிறோம். ‘இரிடேட்டிங்கா இருக்கு’ என்று சொல்லும்வரை இலக்கணத்துக்கும் சேதமில்லை. முன்னால் அந்த ‘ஐ ஆம்’ வந்து நிற்கும்போதுதான் குற்றவாளி மாறிவிடுகிறார்.

மலாயில் ‘கெராம்’ என்றிருந்தால் குழுவுக்கே புரிந்திருக்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொழுகொழு குழந்தையைப் பார்த்துக் கன்னத்தைக் கிள்ளத் தோன்றினாலும் ‘கெராம்’தான். அங்கிளுக்கு மைவி மேல் ஆசை என்று யாராவது நினைத்திருக்கலாம்.

லண்டனில் படித்த மகள் தலையிட்டாள். “ப்பா, ரொம்பக் கோபம் இல்லன்னா மிஃப்ட்னு போடுங்க. டீசன்டா இருக்கும்.” 1600களிலேயே ஆங்கிலத்தில் புழங்கிய வேர், லேசான மனத்தாங்கலுக்கு அளவெடுத்துத் தைத்த சொல். அங்கிளுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த புதன்கிழமை வேறொரு கார் வந்து அடைத்ததும், இலக்கணம் ஒரு இம்மியும் பிசகாமல் எழுதினார்:

‘ஐ ஆம் மிஃப்ட்.’

குழு கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தது. பிறகு ‘கெட் வெல் சூன், அங்கிள்’ என்று வரிசையாக வர ஆரம்பித்தது. எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கோழிக் கஞ்சியோடு வந்தார். காரைச் சுற்றி வந்து கேட்டுக்குள் நுழைய அவருக்குத்தான் பெரும்பாடு. ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தால், அவரும் மிஃப்ட்.