மறுமதிப்பீடு கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கொரட்டூர் வாசி

பெறுநர்: நிலைய இயக்குநர் அவர்கள், சென்னைத் தூர்தர்ஷன், சுவாமி சிவானந்தா சாலை, சேப்பாக்கம்

பொருள்: ‘என் இனிய இயந்திரா’ தொடரை மறுமதிப்பீடு செய்யக் கோருதல் – தொடர்பாக

ஐயா / அம்மையீர்,

பிளஸ் டூ மாணவருக்கு மதிப்பெண் குறைந்துவிட்டதாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், அதிலும் மனம் ஆறாவிட்டால் மறுமதிப்பீடும் கேட்கலாம். தொலைக்காட்சித் தொடருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரு முறை ஒளிபரப்பாகும். அன்றைக்கு அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர்களும் ஆன்டெனாவைத் திருப்ப மொட்டைமாடிக்குப் போனவர்களும் சேர்ந்து போட்டதுதான் அதன் மதிப்பெண். மற்ற தொடர்களுக்கு இது போதும். மாமியார் கொடுமைக்கான விடைக்குறிப்பு எல்லார் வீட்டிலும் தயாராகவே இருக்கிறது. எதிர்காலத்தைப் பற்றிய தொடருக்கு மட்டும் விடைக்குறிப்பு அச்சாகி வர முப்பது வருடம் பிடிக்கும். அது வந்துவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவிக்கவே இக்கடிதம்.

கோப்பு எந்த அலமாரியில் என்று தேடும் சிரமம் வேண்டாம் என்பதால் சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நாவல் அது. பிறகு தங்கள் சின்னத்திரைக்கு வந்தது. கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். இந்தியாவை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். பெயர்கள் இரண்டெழுத்துக்குச் சுருங்கிவிட்டன, குடிமக்களுக்கு எண் உண்டு, குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். நிலா, சிபி தம்பதியின் வீட்டுக்கு ரவி என்பவன் ஜீனோ என்ற இயந்திர நாயோடு குடிவருகிறான். சிபி காணாமல் போகிறான். நாய் பேசும், புத்தகம் படிக்கும், கடைசியில் மனிதர்கள் எல்லோரையும் விட அதற்குத்தான் மனசாட்சி அதிகம் என்று தெரியும். ஜீவாவோ ஆளே இல்லை, வெறும் ஒளிபிம்பம். திரையில் மட்டுமே வாழும் ஒரு தலைவரின் கதையை அரசாங்கத் தொலைக்காட்சியே எடுத்து ஒளிபரப்பியிருக்கிறது. இதைத் துணிச்சல் என்பதா, யாரும் கதையைப் படித்துப் பார்க்கவில்லை என்பதா தெரியாது. எதுவாக இருந்தாலும் அந்த நிலையத்துக்கு ஒரு வணக்கம்.

இனி விடைத்தாளைப் பார்ப்போம். இயந்திர நாய்க்கு முழு மதிப்பெண்; சோனி நிறுவனம் ‘ஐபோ’ நாய்க்குட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1999இல்தான். குடிமக்களுக்கு எண் தந்ததற்கும் முழு மதிப்பெண். ஆதாரின் பன்னிரண்டு இலக்கத்தை இன்று எத்தனை இடங்களில் ஒப்பிக்கிறோம்! ஒளிபிம்பத் தலைவருக்குச் சலுகை மதிப்பெண்ணே தரலாம். 2012 குஜராத் தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல மேடைகளில் முப்பரிமாண உருவமாகப் பேசினார். 2018இல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவில் செயற்கை நுண்ணறிவின் உதவியால் திரையில் வந்து வாழ்த்துரை வழங்கினார். கட்சி பேதமில்லாமல் சுஜாதா ஜெயித்த இடம் இது.

ஆனால் மறுமதிப்பீடு கேட்கத் தூண்டுவது அவருடைய சரியான விடைகள் அல்ல, தவறான விடைகள்தான். குழந்தைக்கு அனுமதிச் சீட்டு என்ற கற்பனை ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ சுவரெழுத்துக் காலத்தில் பிறந்தது. ஜனத்தொகை பெருகிப் பெருகி ஒரு நாள் அரசாங்கம் தொட்டிலுக்கே ரேஷன் கார்டு போடும் என்பது அந்தத் தலைமுறையின் பயம். நடந்ததோ தலைகீழ். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்துக் கல்யாண மேடை ஒன்றில், தொகுதி மறுவரையறையைக் காரணம் காட்டி, தாமதிக்காமல் குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களிடம் முதலமைச்சரே கேட்டுக்கொண்டார். தெருவுக்குத் தெரு கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகை. நிலாவின் அனுமதிக் கடிதக் காட்சியை இன்று பார்ப்பவருக்கு எதிர்காலம் தெரியாது. 1980களின் அடிவயிற்றுக் கலக்கம் தெரியும். எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இவ்வளவு பச்சையாகப் பதிவாகாத கலக்கம் அது. இதனால்தான் சொல்கிறேன், அறிவியல் புனைகதைத் தொடர் அதன் தேதி தாண்டிய பிறகே பார்க்கத் தகுதி பெறுகிறது. பால் பாக்கெட்டுக்கு நேர் எதிர்.

இன்னொரு பிழையும் உண்டு. அதற்குக் காரணம் ஆசிரியரே. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ரங்கராஜன் என்ற பொறியாளராக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்வையிட்டவர் அவர். கதையில் சர்வாதிகாரம் நடக்கும் அதே காலத்தில், 2022 பிப்ரவரி 19 அன்று, மாநகராட்சித் தேர்தலுக்காகக் கொரட்டூர் ஜனங்கள் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் ஒரு பொத்தானை அழுத்தினார்கள். ‘பீப்’ என்று நீளமாக ஒரு சத்தம். ரங்கராஜன் வளர்த்த இயந்திரம் சுஜாதாவின் ஜோசியத்தைப் பொய்யாக்கிய சத்தம் அது.

கொரட்டூரில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் கேட்கலாம். இயந்திரத்தோடு பேசிப் பழகிய ஊர் இது. ஒரு பக்கம் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், மறுபக்கம் 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஷிப்ட் முடிந்து வருபவர்களைக் கொண்டுதான் இங்கே மாலை ரயில்கள் நிரம்பின. லேத் பட்டறைகள் ஓடிய அந்தப் பேட்டையில் இப்போது தரவு மையங்கள் எழும்பியிருக்கின்றன. செயற்கை மூளைகள் குடியிருக்கும் கட்டடங்களுக்குப் பக்கத்து ஸ்டேஷன்காரர்களிடம் போய், இவர்களுக்கு ஜீனோ புரியாது என்பது கொஞ்சம் அதிகம்.

அடுத்த ஆட்சேபம் டிஆர்பி. அமெரிக்காவில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரும் இதே கணக்கில்தான் தோற்றது. மூன்று சீசன், 79 பகுதி, 1969இல் மூட்டை கட்டிவிட்டார்கள். அதைப் பெரிதாக்கியது மறு ஒளிபரப்பு. 1976இல் ரசிகர்கள் கடிதமாக எழுதிக் குவித்து, நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு அந்தத் தொடரின் கப்பல் பெயரான ‘எண்டர்பிரைஸ்’ என்பதையே சூட்ட வைத்தார்கள். மறு ஒளிபரப்பின் மகிமையைத் தங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 2020 ஊரடங்கில் ‘ராமாயண்’ தொடரை மறுபடி போட்டு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் நீங்கள். திரேதா யுகத்துக்கு இரண்டாம் காட்சி உண்டு, 2020களுக்குக் கிடையாதா?

கிராபிக்ஸைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பார்கள். சிரிக்கட்டுமே. நாவல் இன்றும் கடையில் கிடைக்கிறது, படித்துக்கொள்ளலாமே என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எழுத்தில் ஜீனோவை நடக்க வைக்கப் பேனா போதும். கேமராவுக்கு முன்னால் நடக்க வைக்க ஒரு கலை இயக்குநரும் தச்சரும் எலெக்ட்ரீஷியனும் சேர்ந்து உட்கார்ந்து, அரசாங்க பட்ஜெட்டுக்குள் எதிர்காலம் எவ்வளவு அகலம் என்று அளந்திருக்க வேண்டும். அந்த அளவுதான் நமக்கு வேண்டியது. இந்தியில் ‘ஸ்பேஸ் சிட்டி சிக்மா’, ‘இந்திரதனுஷ்’, 1998இல் ‘கேப்டன் வ்யோம்’ என்று இந்தத் துறைக்குக் கதவைத் திறந்ததும் தூர்தர்ஷனே. முன்னோடி என்று மார்தட்டிக்கொள்ள உரிமையுள்ளவர்கள் இவ்வளவு அடக்கமாக இருப்பதுதான் உறுத்துகிறது.

நாடாக்களின் நிலைமை பற்றிய ஆட்சேபத்தை மட்டும் மதிக்கிறேன். பழைய வீடியோ நாடா வருடத்துக்கு வருடம் கெடும். இந்த ஊர் ஈரக்காற்றில் சீக்கிரமே கெடும். பிபிசி ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களைச் சேர்ந்த பல பகுதிகளை, நாடா வீணாகிறதே என்று தானே அழித்துவிட்டு, பிறகு உலகமெல்லாம் தேடியது. 2013இல் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் ஒரு நிலையத்தில் கிடைத்தன. நம் தொடரைத் தேட நாம் நைஜீரியா போக முடியாது. அங்கே அதை யாரும் அனுப்பியிருக்க நியாயமில்லை. 2024 ஜனவரியில் ‘பொதிகை’ என்ற பெயர்ப்பலகையைக் கழற்றி ‘டிடி தமிழ்’ மாட்டினீர்கள். அதே ஆண்டு நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ என்ற ஓடிடி தளத்தைத் தொடங்கியது. ஆக அலமாரி புதிது, பலகை புதிது. சரக்கை எடுத்து வைப்பதுதான் பாக்கி.

ஆகவே, கெட்டுப்போவதற்கு முன் நாடாக்களைக் கணினிக்கு மாற்றி, முன்பு நாடகம் போட்ட அதே செவ்வாய்க்கிழமை இரவில் ‘என் இனிய இயந்திரா’வை ஒளிபரப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். நடுவில் சில நிமிடங்கள் அழிந்திருந்தாலும் பாதகமில்லை. அந்த இடத்தில் தங்கள் பழைய அட்டையையே போட்டுவிடுங்கள்: ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்.’

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொரட்டூர் வாசி