சேற்றமர்வியல்: ஒரு தொடக்க ஆய்வு

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக், எசெக்ஸ் பகுதி ஆறுகளில் கோடைதோறும் நிகழும் பாய்மரப் படகு உலாவைப் பற்றி எழுதியோர் பலரும் படகு நகர்வதையே ஆராய்ந்துள்ளனர். அது நகராமல் சேற்றில் உட்கார்ந்திருக்கும் பெரும்பொழுதை ஆராய்ந்தார் இலர். அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். பதவி உயர்வு நோக்கமன்று.

ஆய்வெல்லை வடக்கே ஆல்ட், தெற்கே க்ரவுச். இடையே டெபென், ஆர்வெல், பிளாக்வாட்டர். இவற்றுள் ஆல்ட், ஆல்ட்பரோ ஊரருகே கடலைத் தொடுமளவு வந்தும் தொடாமல் தெற்கே திரும்பி, ஆர்ஃபர்ட் நெஸ் என்னும் கூழாங்கல் திட்டுக்குப் பின்னால் பல மைல் போய்த்தான் கடலில் விழுகிறது. முடிவுரை வந்துவிட்டது என்று நாம் மகிழும் இடத்தில் புது இயல் தொடங்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இந்த ஆறே முன்னோடி.

சேற்றமர்தல் நான்கு வகைப்படும். நீர் ஏறும்போது தரை தட்டுவது முதல் வகை. சற்று நேரத்தில் படகு தானே மிதந்துவிடுவதால் ஆய்வுக்கு உதவாது. நீர் வற்றும்போது தட்டுவது இரண்டாவது. ஓத உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் என்பதால், வற்றத் தொடங்கியதும் தட்டியவருக்கு ஒரு பகல் போயிற்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவோதத்தின் உச்சியில் தட்டுவது மூன்றாவது. அடுத்தடுத்த ஓதங்கள் குறைந்துகொண்டே போவதால் இரு வாரம்கூட உட்கார நேரும். நான்காவது, தட்டையான அடி கொண்ட தேம்ஸ் பார்ஜ். சாயாமல் உட்காருவதற்கென்றே கட்டியது. விட்டுவிடலாம்.

இனி பிரஷ்.

ஆழக் கீல் உள்ள படகு தட்டியதும் மெல்ல ஒருபக்கம் சாயும். அடுப்பின்மேல் கெட்டில் சறுக்கும். அக்கணமே படகுக்காரர் முழங்கால் பூட்ஸை மாட்டி, பிரஷுடன் சேற்றில் இறங்கி, படகின் அடியைத் தேய்க்கத் தொடங்குவார். பாசி இல்லாவிட்டாலும் தேய்ப்பார். போன வாரம் பெயின்ட் அடித்ததையும் தேய்ப்பார். கரையில் நாயுடன் போகிறவர் பார்த்தால் இன்னும் அழுத்தித் தேய்ப்பார். தேய்ப்பதற்காகத்தான் நிறுத்தியதாம்!

தேய்ப்பதற்காகத் தட்டினாரா, தட்டியதற்காகத் தேய்க்கிறாரா? இது பற்றி முன்பிரஷ், பின்பிரஷ் என இரு கொள்கைகள் உள. முன்பிரஷ் கொள்கையினர் ஆதாரம் காட்டும் 'தேய்ப்பியல்' கடல் கொண்ட நூல்களுள் ஒன்று. எனவே மறுக்க இயலாது. அதற்கு மூன்று உரைகள். மூன்றாம் உரை இரண்டாம் உரையை வரிக்கு வரி மறுக்கிறது. இரண்டாம் உரையைக் கண்டவர் எவருமிலர். ஆயினும் அதில் இடைச்செருகல் மிகுதி என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை.

வரலாற்றுச் சான்றும் உண்டு. 991இல் பிளாக்வாட்டர் கரையில், மால்டன் அருகே, நார்தி தீவில் இறங்கிய வைக்கிங்குகள் தரைப்பாலம் தெரியும்வரை நீர் வற்றக் காத்திருந்தனர். அப்போது கையில் பிரஷ் இருந்ததா? பின்னர் அங்கு மூண்ட போரைப் பாடும் பழைய ஆங்கிலப் பாடலுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. எஞ்சிய சுவடியும் 1731இல் ஒரு தீவிபத்தில் எரிந்து, அதற்குமுன் எடுத்த நகலே தப்பியது. ஆகவே பிரஷ் தொலைந்த பகுதியில்தான் இருந்தது என்பது வெள்ளிடைமலை. எதிரியைப் பாலம் கடக்க விட்ட ஆங்கிலத் தலைவனின் செயல் வீரமா, செருக்கா என்று 1953இல் டோல்கீன்கூட எழுதினார். பிரஷைப் பற்றி மூச்சே இல்லை.

படகு ஒருபக்கமே சாய்வதால் மறுபக்கம் தேய்க்கப்படாமலே நிற்கிறது. அடுத்த கோடையில் எதிர்க்கரையில் தட்டி அதை ஆராய நிதி கோரியுள்ளோம்.