நள்ளிரவுக் குழாயாருக்கு ஒரு மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ! வெள்ளியங்கிரிச் சாரலில் பிறந்து, பேரூர்ப் பட்டீசுவரரைத் தொழுது, கோவையும் திருப்பூரும் கண்டு, கரூர்ச் சீமையில் காவிரியோடு கலக்கும் நொய்யல் என்னும் காஞ்சி மாநதிக்கு நெடுங்காலமாக ஒரு குறை இருந்தது. நிறமில்லை. கொங்கு நாட்டை ஆண்டவர்கள் அதன் குறுக்கே அணைக்கட்டுகள் கட்டினார்கள், குளம் வெட்டினார்கள், வாய்க்கால் இழுத்தார்கள். அதை ஒரு முறை நல்ல சாயத்தில் முக்கி எடுக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்குறை தீர்க்க அவதரித்தவர் தாங்கள். சாயப்பட்டறையின் பின்மதிலோரம், முட்புதர் மறைவில், தரைக்கடியில் தவமிருந்து, மழை இரவுகளில் மட்டும் திருவாய் மலர்ந்தருளும் நள்ளிரவுக் குழாய்ப் பெருமானே, பல்லாண்டு!

மயிலுக்குப் போர்வை கொடுத்தான் பேகன். ஒரு மயில், ஒரு போர்வை. அதற்கே ஈராயிரம் ஆண்டாகப் புலவர்கள் அவனை விட்டபாடில்லை. தாங்களோ ஓர் ஆற்றையே உடுத்தியவர். அவன் நாலு பேர் பார்க்கக் கொடுத்தான். தாங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கே தெரியாமல் கொடுக்கிறீர்கள். இந்தத் தன்னடக்கத்தின் முன் பழைய வள்ளல்களெல்லாம் வெறும் விளம்பரப் பிரியர்கள்.

விவரம் தெரியாதவர்கள் தங்கள் கொடையின் நிறத்தைப் பார்த்து வியக்கிறார்கள். அடியேன் வியப்பது உப்பை. பனியன் துணியில் சாயம் ஏறவேண்டுமானால் தொட்டியில் உப்பு கொட்டவேண்டும். வேலை முடிந்ததும் துணி சாயத்தை வைத்துக்கொண்டு உப்பை அப்படியே தண்ணீரிடம் விட்டுவிடுகிறது. நிறம் கொஞ்ச தூரம் போனால் மங்கும், வெயில் பட்டால் வெளுக்கும். உப்பு மங்குமா? கண்ணுக்குத் தெரியாமல் ஆற்றோடு போய், மண்ணில் இறங்கி, கிணற்றுக்குள் குடியேறி, பேரன் காலம் வரை இருந்து அருள்பாலிக்கும். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஒரு கஞ்சத்தனமான விதி உண்டு. அள்ளிக் கொடுக்கிறவர் கைக்கு அளவுகோலா? தாங்கள் அதைப் பொருட்படுத்தாதது தங்கள் பெருந்தன்மை.

தங்கள் பூகோள ஞானமும் போற்றத்தக்கது. பவானி என்றொரு வெகுளி ஆறு, கூடுதுறைக்குப் போய்க் காவிரியில் கலப்பதைத் தவிர வேறு உலகம் அறியாதது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுக்கும் பெருந்திட்டம் தீட்டி, அந்தத் தண்ணீரைக் குழாய்வழியாகத் திருப்பூருக்கு வரவழைத்தோம். அதில் பட்டறைப் பங்காக வந்ததைத் தாங்கள் சாயத்தில் முக்கி, உப்பில் ஊறவைத்து, நொய்யல் வழியாக அதே காவிரிக்கு அனுப்பிவைக்கிறீர்கள். சேரவேண்டிய இடத்துக்குத்தானே சேர்கிறது, இதில் என்ன குற்றம் என்று கேட்கும் தங்கள் தர்க்கத்துக்கு எந்தச் சபையிலும் பதில் கிடையாது.

தங்கள் குலப்பெருமை முழுவதையும் ஒரே இடத்தில் தரிசிக்க விரும்புகிறவர்கள் சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணைக்குப் போகவேண்டும். 1992-ல் கட்டிமுடித்த அணை. பாசனத்துக்கு என்று பாமரத்தனமாக நினைத்துக் கட்டிவிட்டார்கள். தங்கள் முன்னோர்கள் சில ஆண்டுகளுக்குள் அதை உலகம் காணாத சாயத்தொட்டியாக உயர்த்திவிட்டார்கள். தமிழ்நாட்டில் எந்த அணைக்கும் கிடைக்காத மரியாதை அதற்குக் கிடைத்தது. மற்ற ஊர்களில் அணையைத் திற என்று விவசாயிகள் மறியல் செய்வார்கள். இங்கே கீழே இருந்தவர்கள் தயவுசெய்து திறக்காதே என்றார்கள். அணையைச் சுற்றி இருந்தவர்கள் தயவுசெய்து தேக்காதே என்றார்கள். தேக்கவும் முடியாத, திறக்கவும் முடியாத தண்ணீரை உண்டாக்கியது சாமானியக் காரியமா? கிணறு நிறையத் தண்ணீர் நிற்கும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இளநீரே உப்புக் கரிக்கிறது என்று சொல்லி, உப்புப் போட்டுக் குடிக்கும் சிரமத்தைத் தாங்கள் மிச்சப்படுத்தியதை அறியாமல் அழுதார்கள் அந்தக் குடியானவர்கள்.

அழுததோடு நில்லாமல் வழக்கும் போட்டார்கள். நன்றிகெட்ட உலகம்! நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தின் படியேறியது. பாதிக்கப்பட்டவர்கள் 28 ஆயிரத்துச் சொச்சம் விவசாயிகள் என்று கணக்கெடுக்கப்பட்டு, சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. தலைக்கு வகுத்தால் ஒன்பதாயிரத்துக்கும் கீழே. நிலம், கிணறு, ஆடுமாடு எல்லாவற்றுக்கும் இவ்வளவு மலிவாகத் தீர்வு கண்ட நாகரிகம் வேறெங்கே உண்டு? 2006 டிசம்பரில் உயர்நீதிமன்றம், சொட்டுக் கழிவும் வெளியே போகாத ஏற்பாட்டைச் செய்யுங்கள், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா கட்டுங்கள் என்றது. தங்கள் அருமை அந்தப் பைசாக் கணக்கில் அடங்குமா! 2009-ல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. தாங்களோ தீர்ப்புகளைக் கண்டு துள்ளாமல், துவளாமல், வழக்கம்போல் ஒழுகிக்கொண்டிருந்தீர்கள். 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்த பிறகுதான் தங்கள் குலத்துக்குச் சற்றே சோதனைக்காலம்.

அந்தச் சோதனைக்காலத்தில் முளைத்த ஒரு கூட்டத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் விட்டால் தங்கள் மேன்மை முழுதாக விளங்காது. ஊரே ஜீரோ டிஸ்சார்ஜ் என்று பேசிக்கொள்ளும் அற்பத் தொழில் அவர்களுடையது. அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது; 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்படுத்தி ஓட்ட ஆரம்பித்தார்கள். சாயத்தண்ணியைத் தொட்டியில் சேர்த்து, நுண்ணுயிர்களுக்குத் தின்னக் கொடுத்து, சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டி, தெளிந்து வரும் பெரும்பங்கை அதே பட்டறைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். சவ்வில் தங்கிய உப்புக்கரைசலையாவது ஆற்றுக்கு விடக்கூடாதா? அதையும் கொதிக்கவைத்து, வற்றவைத்து, உப்பைச் சுரண்டி எடுத்து அடுத்த சாயத்துக்குப் போடுகிறார்கள். போட்ட உப்பையே மறுபடி போடும் கருமித்தனத்தைக் கொங்குச் சீமை இதற்குமுன் கண்டதுண்டா? கரண்ட் பில் கட்டியே நொடித்துப்போவார்கள் என்று பார்த்தால், உலகத்துக்குப் பனியன் அனுப்பிக்கொண்டு இன்னும் இருக்கிறார்கள். இவர்கள் ஒரு லிட்டரைச் சுத்தம் செய்யச் செலவழிக்கும் காசை மதிலோரம் ஒரே திருகலில் மிச்சம் பிடித்து, அதே விலைக்குச் சாயம் போட்டுத் தருகிறாரே தங்கள் எசமானர், அவரல்லவோ வணிகச் சிங்கம்! ஒழுங்காகச் செலவு செய்பவன் ஏமாளி என்று ஊருக்கு உணர்த்தும் கல்விப்பணியும் இதில் இலவசமாக நடந்துவிடுகிறது.

இந்தக் கருமித்தனம் தொற்றுநோய் போலப் பரவுவது கவலை தருகிறது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் சாக்கடைநீரை நாள்தோறும் சுத்திகரிக்கும் நிலையங்கள் கட்டி, அந்தத் தண்ணீரை ஆலைகளுக்கு விற்கிறார்கள். ஏரித்தண்ணீர் குடிக்க மிஞ்சுமாம். ஐக்கிய நாடுகள் சபையோ 2015-லேயே, சுத்திகரிக்காத கழிவுநீரின் பங்கை 2030-க்குள் பாதியாகக் குறைக்கவேண்டும், மறுபயன்பாட்டைப் பெருக்கவேண்டும் என்று இலக்கு எழுதிவிட்டது. நியூயார்க்கில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு ஐப்பசி மழை இரவில் ஒரு வால்வைத் திருகும் சுகம் எங்கே தெரியப்போகிறது?

நல்லவேளை, பெருமானே, தங்களைப் புரிந்துகொண்டவர்கள் இந்த மண்ணில் அருகிவிடவில்லை. 2017-ல் திருப்பூரில் நொய்யல் நுரைத்துப் பொங்கியபோது, அற்பர்கள் சிலர் தங்கள் வம்சத்தின் மேல் கைநீட்டினார்கள். அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த கே.சி. கருப்பணன், கோவைக்காரர்கள் சோப்புப் போட்டுக் குளித்ததால் வந்த நுரை அது என்று விளக்கி உலகத்தின் கண்ணைத் திறந்தார். ஒரு நகரமே ஒரே நாளில் இவ்வளவு சுத்தமாகக் குளித்தது என்பது கோவைக்கும் பெருமை, சோப்புக் கம்பெனிக்கும் பெருமை. விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தாலும், இந்த விளக்கத்தை எட்டிப்பிடிக்க இன்னும் சில நூற்றாண்டுகள் ஆகும்.

கோவைச் சாக்கடையும் ஆற்றில் சேர்கிறதே என்று சிலர் முணுமுணுக்கலாம். சேரட்டும். அது தங்கள் வருகைக்கு முன் வீதிக்குத் தெளிக்கும் தண்ணீர்.

இனி வாசகப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய வள்ளலுக்கு இன்னும் ஒரு சிலை இல்லை என்பது கொங்கு நாட்டுக்கே தலைகுனிவு. ஒரத்துப்பாளையம் அணைக்கரையில், ஆறடி உயரத்தில், வாய் ஆற்றைப் பார்த்தபடி ஒரு குழாய் எழுப்பவேண்டும். ஆளுக்கு லிட்டருக்கு 6 பைசா வீதம் நன்கொடை தரலாம். ஒரே ஒரு விஷயத்தில் கவனம் தேவை. கான்கிரீட் கலக்கத் தண்ணீரை வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவாருங்கள். அங்கே இருக்கும் உப்புத் தண்ணீரில் கலந்தால் கம்பி துருப்பிடித்துவிடும்.